முனுசாமி வீட்டு நாற்காலி

கயல், செழியன், இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். உங்கள் தங்கவேல் மாமா இதற்குள் ஒரு கதை சொல்லியிருப்பார். அவர் போனில் பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மோட்டாருக்குச் செம்புக்கம்பி காயில் கட்டப் போனவன் நான். பிழை இருந்தால் கயல் திருத்திக்கொள்ளட்டும்.

நான் லண்டனுக்குக் கிளம்பியது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். சாந்தி அத்தையின் மகள் நிவேதாவுக்குக் கல்யாணம். அத்தையின் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு அந்தப் பெண்ணுக்கு ஆண் துணை என்று இருப்பது தாய்மாமன் நான் ஒருவன்தான். மாலை எடுத்துக் கொடுக்க, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவர, நான் இல்லாமல் முடியாது. மாப்பிள்ளை பெயர் ஜேசன் முனுசாமி. "ட்ரினிடாட்னு ஒரு தீவுண்ணா. அமெரிக்காவுக்குக் கீழ, கடலுக்குள்ள. இவங்க முன்னோருங்க நம்ம பக்கத்துல இருந்து கப்பல்ல போனவங்க" என்று அத்தை போனில் சொன்னாள். போட்டோவும் அனுப்பினாள். நம் ஊர் நிறம், சுருட்டை முடி, நல்ல சிரிப்பு.

எனக்குச் சந்தேகம் அப்போதே பிடித்துக்கொண்டது. முனுசாமி வீட்டில் ஜேசன் எப்படிப் பிறந்தான்?

திருச்சி விமான நிலையத்து வாசலில் தங்கவேல் மாமா என் காதோரம் வந்தார். "மச்சா, பேர வெச்சு நம்பீராதீங்க. என்ன ஆளுங்கன்னு மொதல்ல கேளுங்க. அப்புறமா தட்டத்தத் தொடுங்க" என்றார். தாம்பூலத் தட்டு மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு பின்வாங்க முடியாது. உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைத் தட்டு என் பைக்குள் இருந்தது.

லண்டனில் இறங்கியது முதல் எதைப் பார்த்தாலும் எனக்கு ஐயம்தான். ரயிலில் ஒருவர் என் காலை மிதித்துவிட்டு 'சாரி' என்றார். சரி. அடுத்த ஸ்டேஷனில் நான் ஒருவர் காலை மிதித்தேன். அவரும் என்னைப் பார்த்து 'சாரி' என்றார். மிதி வாங்கியவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான்? சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. அட்டையைக் காட்டினால் ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான். ஏறியவனைக் கேட்க ஆள் இல்லாத வண்டி எப்படி ஓடுகிறது என்று இறங்கும் வரை யோசித்தேன்.

அத்தை வீடு தோர்ண்டன் ஹீத்தில். ஒரே அச்சில் வார்த்தது போல வரிசையாகச் செங்கல் வீடுகள், ஆனால் கடைத்தெருவில் பாதிப் பலகை தமிழில். மறுநாள் காலை தட்டில் வைக்கத் தேங்காய் வாங்கப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர் கடை. தேங்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, உடைச்சுப் பாக்க ஏலாது. ஆனா நல்ல காய், நான் பொறுப்பு" என்றார் கடைக்காரர். "நீங்கள் இந்தியாவோ?"

"ஆமாங்க, கரூர்."

"கரூரிலை எவடம்?"

சொன்னேன்.

"அங்கை நீங்கள் ஆர் பகுதி?"

எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஆளை நிற்க வைத்து என்ன ஆள் என்றா கேட்பார்கள்? "காய் எவ்வளவுங்க?" என்று பேச்சை மாற்றினேன். அவர் சிரித்தார். "கோவிக்காதேங்கோ அண்ணை, சும்மா ஒரு பழக்கத்திலை கேட்டிட்டன். கலியாண விசயமோ?"

"ஆமாங்க. மாப்பிள்ளை ட்ரினிடாட்."

"ஓ, அதுகள் நல்ல சனம். ஆனா எங்களைவிடச் சத்தமாக் கதைக்குங்கள். காது பத்திரம்."

மாப்பிள்ளை வீடு வால்தம்ஸ்டோவில். லண்டனின் தெற்கிலிருந்து வடக்குக்குப் போக வேண்டும். நான், அத்தை, நிவேதா மூவரும் கிளம்பினோம். பாதி வழியில் ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றுவிட்டது. பெட்டியில் யாரோ ஒலிபெருக்கியில் முணுமுணுத்தார்கள். எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து வெளியே நடந்தார்கள். யாரும் யாரிடமும் சண்டை போடவில்லை. நம் ஊர் என்றால் இந்நேரம் ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றி நாற்பது பேர் நின்றிருப்பார்கள். அத்தை என் முகத்தைப் பார்க்காமலே வருவதைக் கவனித்தேன். ரயில் நின்றதைவிட அது எனக்கு உறுத்தியது.

மாடி பஸ்ஸில் ஏறினோம். மேல்தளத்தில் உட்காரும் ஆசையில் நான்தான் முன்னால் ஏறினேன். வண்டி வளைவில் திரும்பியபோது மடியிலிருந்த பை சாய்ந்து, தேங்காய் வெளியே விழுந்து உருண்டது. இருக்கைகளுக்கு நடுவே ஓடி, படிக்கட்டில் தடதடவென்று இறங்கிப் போயிற்று. கீழே யாரோ கத்தினார்கள். பதறியடித்து இறங்கினேன்.

ஒரு வயதான கறுப்பர் கையில் தேங்காய் இருந்தது. தொப்பி வைத்திருந்தார். உடனே என்னிடம் கொடுக்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார். தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுத் தலையை அசைத்துவிட்டு, "நல்ல காய்" என்று இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்தார். எந்த ஊர் என்று நிவேதா கேட்டாள். பார்படாஸாம். அதுவும் அந்தப் பக்கத்துத் தீவுதான் என்றாள். நாம் செய்வது போலவே அவர் ஆட்டிப் பார்த்தது எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் பிடிக்காமலும் இருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

முனுசாமி வீட்டு மணியை நான்தான் அடித்தேன். கதவைத் திறந்தது ஒரு பெண். ஆப்பிரிக்க வம்சம். தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தார். நான் 'சாரி' என்று சொல்லிவிட்டு இரண்டு படி கீழே இறங்கி வாசல் எண்ணைப் பார்த்தேன்.

"வீடு சரிதான், உள்ள வாங்க அங்கிள்! நான்தான் ஜேசன் அம்மா, மெர்லின்" என்றார் அவர். நிவேதா இதைத் தமிழில் சொன்னாள். அங்கே நடந்த பேச்செல்லாம் அவள் வாயால் எனக்குக் கிடைத்ததுதான். நடுவில் எதைக் குறைத்தாளோ தெரியாது.

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அத்தை மிதியடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அனுப்பிய போட்டோக்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளையும் அவன் அப்பாவும்தான் இருந்தார்கள்.

ஜேசனின் அப்பா ரொனால்ட், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முகத்தைப் பார்த்தால் நம் கடைக்கு மோட்டார் தூக்கிவரும் ஆள் மாதிரியே இருந்தார். ஆனால் வாயைத் திறந்தால் ஒரு தமிழ் வார்த்தை இல்லை. கறிவேப்பிலையை மட்டும் 'கரப்புலே' என்றார்.

சாப்பாடு போட்டார்கள். அவர்கள் பரோட்டாவைக் கல்லிலேயே அடித்து நொறுக்கிக் கிழித்துவிடுகிறார்கள். கிழிந்த சட்டை என்று அதற்குப் பெயராம். கூடவே பூசணிக்காய், மாங்காய், ஒரு கறிக்குழம்பு. குழம்பில் நம் மிளகாய் வாசம் இல்லை, வேறு ஏதோ பச்சை இலை வாசம். "இது என்ன கறின்னு கேளு" என்று நிவேதாவிடம் சொன்னேன்.

"ஆடு" என்றார் மெர்லின். "நம்பலைன்னா எலும்பைப் பாருங்க."

பார்த்தேன். ஆடுதான். ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாப்பிட்டுக்கொண்டே ரொனால்ட் தீவின் கதையைச் சொன்னார். "ஸ்பெயின்காரன் வந்து ஊர்களுக்குப் பேர் வெச்சான். பிரெஞ்சுக்காரன் வந்து சமையலைக் கத்துக் கொடுத்தான். இங்கிலீஷ்காரன் வந்து சட்டத்தைப் போட்டான். வேலையை மட்டும் வேற ஆளுங்க பார்த்தாங்க" என்றார். முதலில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுபோன அடிமைகள். அடிமைமுறை ஒழிந்ததும் கரும்பு வெட்ட நம் நாட்டிலிருந்து ஒப்பந்தம் எழுதிக் கப்பலில் ஏற்றினார்கள். சீனர், போர்ச்சுகீசியர், சிரியாவிலிருந்து துணி விற்க வந்தவர்கள் என்று எல்லோரும் அந்தச் சின்னத் தீவில்தான். தெற்கே ஒரு மாதா கோயில் உண்டாம். அங்கே சர்ச்சுக்குப் போகிறவர்களும் நம்மவர்களும் ஒரே சிலையைக் கும்பிடுகிறார்கள், அரிசியும் எண்ணெயும் கொண்டுபோய் வைக்கிறார்கள். நம்மவர்கள் வேளாங்கண்ணிக்குப் போவதில்லையா, அது மாதிரி.

"முதல்ல வந்த ஆள் பேர் முனுசாமி. எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கப்பல்ல பேர் எழுதிக்கிட்டவன் அதையே குடும்பப் பேரா எழுதிட்டான். ஊர் பேர் தெரியாது" என்றார் ரொனால்ட். "நீங்க ஒரு ஊர் சொன்னா, அதையே எங்க ஊருன்னு வெச்சுக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கை கழுவ எழுந்தபோதுதான் மூலையைப் பார்த்தேன். மாரியம்மன் படம், வேப்பிலைக் கொத்து, விளக்கு, பக்கத்தில் மாதா படம். அதற்கு நேர் மேலே, ஆணியில், ஒரு பறை தொங்கியது. அவர்கள் அதற்குத் 'தப்பு' என்று பெயர் சொல்கிறார்கள், நம் ஊரிலும் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. ஆட்டுத்தோல், மரவளையம், எல்லாம் அதேதான்.

நம் ஊரில் பறை யார் வீட்டில் இருக்கும், திருவிழாவில் அதை அடிக்கிறவர்கள் எங்கே நிற்பார்கள், எதுவரை வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். இங்கே நடுவீட்டில், சாமிக்குத் தலைமாட்டில் தொங்குகிறது. சரி, தமிழர்கள்தான் என்று ஒரு சந்தேகம் தீர்ந்தது. தீர்ந்த இடத்திலேயே அடுத்தது முளைத்தது.

"நிவேதா, இவங்க என்ன ஆளுங்கன்னு கேளு."

"மாமா, அதை நான் கேக்க மாட்டேன்."

"கேளு கண்ணு."

"மாட்டேன்."

மெர்லின் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "மொழிபெயர்க்க வேண்டாம். எனக்குப் புரிஞ்சுது. இந்தக் கேள்வி எந்த மொழியில வந்தாலும் கேக்கறவங்க மூஞ்சி ஒன்னுதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. "ரொனால்டோட மாமனும் என்னைப் பார்த்து இதைத்தான் கேட்டார். எங்க கல்யாணத்துக்கு அவருக்கு முன்வரிசையில நாற்காலி போட்டோம். வரலை. போட்டோ எடுத்தவன் அதை நகர்த்த மறந்துட்டான். எல்லாப் போட்டோவிலயும் எங்களோட அந்தக் காலி நாற்காலியும் நிக்குது. நீங்க வர்றதா இருந்தா சந்தோஷம். வரலைன்னா இப்பவே சொல்லிடுங்க. இந்தப் பிள்ளைங்க கல்யாணத்துல, நீங்க வர்றேன்னு சொல்லாம உங்களுக்கு நாற்காலி போட மாட்டோம்."

நிவேதா இதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவள் கண்ணைப் பார்த்தே எனக்கு அது தெரிந்தது.

தட்டும் தேங்காயும் பையை விட்டு வெளியே வரவில்லை. வந்த வழியே தோர்ண்டன் ஹீத்துக்குத் திரும்பினோம்.

மறுநாள் காலை சமையலறையில் அத்தையிடம் கேட்டேன். "ஏன் சாந்தி மறைச்ச?"

"சொல்லியிருந்தா நீ பிளேன் ஏறியிருப்பியாண்ணா?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "நிவேதா ஆஸ்பத்திரி மருந்துக்கடையில வேலை பாக்கறா, அவளுக்கு யாரும் வேண்டியதில்லை. நீ வரலைன்னாலும் கல்யாணம் நடக்கும். ஆனா மாமா வருவாரான்னு தினமும் என்னைக் கேக்கறா. அவங்கப்பா எடத்துல உன்னை வெச்சிருக்கா. எனக்கு அதுதான் முக்கியம்" என்றாள். அதற்குமேல் அவள் என்னிடம் கெஞ்சவில்லை.

அன்றைக்குத் தங்கவேல் மாமா போன் செய்தார். "என்ன ஆளுங்க மச்சா?" சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே சிக்னல். பூங்காவில் போய் உட்கார்ந்தேன். பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நகர்ந்து இடம் விட்டார். இவர் என்னை என்ன ஆள் என்று நினைத்திருப்பார்? கடைக்காரர் கேட்டபோது எனக்கு ஏன் சுருக்கென்றது? இப்படி ஒவ்வொன்றாக மனசுக்குள் வந்தது. எதுவும் முடிவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வால்தம்ஸ்டோவில் ஒரு சமூகக்கூடத்தை வாடகைக்கு எடுத்து அம்மன் பூஜை செய்தார்கள். ஜேசனே போன் பண்ணி, "மாமா, சும்மா பாக்க வாங்க" என்றான். 'மாமா' என்பதை மட்டும் தமிழில் சொன்னான். சரி, பார்ப்பதில் என்ன, வேவு பார்த்தது போலவும் ஆயிற்று என்று அத்தை, நிவேதாவோடு போனேன். அத்தை பித்தளைத் தட்டையும் தேங்காயையும் பையில் எடுத்து வைத்ததைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கூடத்தில் எல்லா நிறத்திலும் முகங்கள் இருந்தன. ஒரு சீன முகம் வேப்பிலை உருவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மெர்லின், காலையிலிருந்து விரதம், மஞ்சள் புடவை. மூன்று பறைகளை மேஜையில் வைத்து ஜேசன் முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டிக்கொண்டிருந்தான்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பறையை நெருப்பில் காட்டினால்தான் தோல் இறுகிச் சத்தம் எழும். இங்கே கூடத்துக்குள் தீ மூட்டக் கூடாதாம், புகை போனால் மணி அலறுமாம். அதனால் இந்த ஏற்பாடு.

"எங்க ஆளுங்க மேளத்தை வெள்ளைக்காரன் தடை பண்ணினான்" என்றார் மெர்லின், பூ கட்டிக்கொண்டே. "மூங்கிலை வெட்டித் தரையில குத்தித் தாளம் போட்டாங்க. அதுக்கும் போலீஸ் வந்துச்சு. அப்புறம் பிஸ்கட் டப்பா, எண்ணெய் பீப்பாய். பீப்பாயைத் தட்டித் தட்டி ஸ்வரம் வர வெச்சாங்க. எங்கப்பா அதை வாசிச்சவர். ரொனால்ட் வீட்டுப் பறையையும் அங்க இருந்த மத்த இந்தியாக்காரங்க கேவலம்னாங்க. ரெண்டு வீட்டு மேளத்தையும் வேண்டாம்னு சொன்னாங்களா, அதான் நாங்க ஒன்னா சேர்ந்துட்டோம்." சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. கடைக்காரர் சொன்னது சரிதான், காது பத்திரம்.

அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றது, விளக்குகளும் அணைந்தன. என் தொழிலாயிற்றே என்று எழுந்தேன். ப்யூஸ் பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தது, சாவி யாரிடமோ. வெளியே மழை தூறி, காற்றெல்லாம் ஈரம். ஜேசன் பறையைத் தட்டினான். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் வந்தது. மெர்லின் கரகத்தைத் தூக்கத் தயாராகிவிட்டார். கூடத்துச் சமையலறையில் கேஸ் அடுப்பு இருந்தது. அப்பாவும் மகனும் பறைகளோடு அங்கே ஓடினார்கள். ஆள் இரண்டு, பறை மூன்று. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதைப் பிடிங்க" என்று ரொனால்ட் மூன்றாவதை என் கையில் திணித்தார். நான் யார், என்ன என்று அவர் யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆள், அவ்வளவுதான்.

கயல், செழியன், உங்கள் அப்பா நாற்பத்தெட்டு வயது வரை பறையைத் தொட்டதில்லை. வருஷா வருஷம் திருவிழாவில், வைக்கோல் தீயில் அவர்கள் காய்ச்சுவதைத் தெருவின் இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. அது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கீழே வைத்துவிடலாம். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் அடுப்புக்கு மேலே பிடித்தேன். கிட்டே கொண்டுபோனால் தோல் கருகும், தள்ளிப் பிடித்தால் இறுகாது. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்ததை வைத்துச் சுற்றினேன். ஆட்டுத்தோல் வாசம் எழுந்தது.

அப்போதுதான் நீங்கள் வீடியோவில் கூப்பிட்டீர்கள். என் கை காலியில்லை, நிவேதா போனைப் பிடித்தாள். "அப்பா, என்ன சுடறீங்க? தோசையா?" என்று செழியன் கேட்டான். உங்களுக்குப் பின்னாலிருந்து தங்கவேல் மாமா முகம் வந்தது. பறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னால் கரகத்தோடு வந்து நின்ற மெர்லினைப் பார்த்தார்.

"மச்சா, என்ன ஆளுங்க இவங்க?"

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

"சம்பந்தி வீட்டு ஆளுங்க, மாப்ள" என்றேன்.

போன் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஊருக்கு வந்தால் அவர் ஒருவர் மட்டும் பேச மாட்டார் என்று இல்லை, இன்னும் சிலரும் பேச மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடமும் கேட்பார்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் ஒரு விரலால் தோலைச் சுண்டினேன். கணீரென்றது. ஜேசன் திரும்பிப் பார்த்து, தன்னுடையதைச் சுண்டினான். என்னுடையதுதான் நன்றாக இறுகியிருந்தது. அவன் என்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு தன்னுடையதைக் காய்ச்ச என் கையில் கொடுத்தான்.

கற்பூரத்தை வெளியே கார் நிறுத்தும் இடத்தில்தான் ஏற்றினார்கள். தூறலில் மூன்று பறையும் முழங்க, மெர்லின் கரகத்தோடு காரைச் சுற்றி, விளக்குக் கம்பத்தைச் சுற்றி வந்தார். போகிற வழியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நாயோடு நின்று பார்த்துவிட்டு, எங்களிடம் 'சாரி' என்று சொல்லி ஓரமாக நடந்து போனார்.

எல்லாம் முடிந்ததும் நான் அத்தையிடம் கையை நீட்டினேன். அவள் பையோடு கொடுத்துவிட்டாள். அங்கேயே, ஒரு காரின் முன்பக்கத்தில் தட்டை வைத்து, வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய் அடுக்கி, ரொனால்டிடமும் மெர்லினிடமும் நீட்டினேன். ரொனால்டுக்கு எப்படி வாங்குவது என்று தெரியவில்லை, ஒரு கையை நீட்டினார். மெர்லின் அவர் இன்னொரு கையையும் பிடித்து இழுத்துத் தட்டுக்குக் கீழே வைத்தார். பிறகு தேங்காயை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"நல்ல காய்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அதில் நாற்காலி என்ற இங்கிலீஷ் வார்த்தை மட்டும் எனக்குப் பிடிபட்டது.

நிவேதா மொழிபெயர்க்க வாயெடுத்தாள். நான் அதற்குக் காத்திருக்கவில்லை.

போடுங்க என்பதற்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "புட், புட்" என்றேன்.